வேண்டாம் அண்ணையை மூன்று தரம் கேட்க வேண்டும்

'வேண்டாம்' என்ற சொல்லை அவ்வளவு பசியோடு சொன்ன மனிதர் ஒஸ்லோவில் மட்டுமல்ல, வட துருவம் வரைக்கும் தேடினாலும் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். வட துருவம் என்று வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. மனிதர் முப்பது வருடம் அதற்குக் கிட்டத்தான் இருந்தவர். ஹம்மர்பெஸ்டில் ஒரு மீன் தொழிற்சாலையில் கொட் மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று கடவுச்சீட்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் வேண்டாம் அண்ணை. ஒஸ்லோவில் அம்மருட் பக்கம் நான் இருக்கும் அதே அடுக்குமாடியில், எட்டாம் மாடியில் தனியாக இருந்தார். நான் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தேன்.

பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்பார்கள். "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். கேட்டவுடன் ஓம் என்றால் தேத்தண்ணி காணாத ஆள் என்று நினைத்துவிடுவார்கள். இரண்டாம் தரம் கேட்பார்கள். "சும்மா இருங்கோ, இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தரம் கேட்டால், "சரி, நீங்கள் இவ்வளவு சொல்லுறபடியால்" என்று இழுத்து, இரண்டு கோப்பை குடிக்கலாம். பலகாரமும் எடுக்கலாம்.

இது அங்கே நண்டு சிண்டுக்கும் தெரியும். நோர்வேயில் ஒரு குஞ்சுக்கும் தெரியாது. இங்கே ஒரு தரம் கேட்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். உங்கள் விருப்பத்தை மதித்து, கோப்பிப் போத்தலை மூடி, அதைப் பற்றி வாழ்நாளில் மறுபடி பேசமாட்டார்கள். நாங்கள் எல்லோரும் வந்த புதிதில் இரண்டு மாதம் பசி கிடந்து, பிறகு வெட்கத்தை விட்டு ஓம் சொல்லப் பழகிக்கொண்டோம். வேண்டாம் அண்ணை மட்டும் பழகவே இல்லை.

தொழிற்சாலையில் முதல் நாள் ஃபோர்மன் இறப்பர் கையுறையை நீட்டி, "வேணுமா?" என்றானாம். அண்ணை மரியாதையாக வேண்டாம் என்றார். ஃபோர்மன் நல்லது என்று கையுறையைக் கொண்டுபோய்விட்டான். மத்தியானம் வரை ஐஸ் தண்ணீருக்குள் வெறுங்கை.

"பிறகு போய்க் கேட்டிருக்கலாமே அண்ணை?"

"ஒருக்கா வேண்டாம் எண்டு சொன்னதைப் பேந்து நானே போய்க் கேக்கிறதோ? உமக்கென்ன விசரே?"

அந்தக் கிழமையே தொழிற்சாலையில், 'இலங்கையிலிருந்து குளிரே தெரியாத ஒருவன் வந்திருக்கிறான்' என்று பேச்சாகிவிட்டது. அது பரவாயில்லை. பல் வைத்தியரிடம் போனபோது, "விறைக்க ஊசி போடவா?" என்று கேட்டாள். இந்த ஊரில் அதையும் கேட்பார்கள். அண்ணை வேண்டாம் என்றார். அவள் நேரே துளைபோடத் தொடங்கிவிட்டாள். கடைவாய்ப் பல், முக்கால் மணித்தியாலம். "அவள் ரெண்டாம் தரம் கேப்பாள் எண்டு நான் கண்ணாலை எவ்வளவோ சாடை காட்டினனான் தங்கச்சி. அவள் என்ரை வாயைத்தானே பாக்கிறாள்!"

இப்படியே மேற்பார்வையாளர் பதவி போனது. கடலைப் பார்த்த வீடு போனது. கலியாணம் மட்டும் தப்பியது. பெண் வீட்டார் யாழ்ப்பாணத்து அரியாலை ஆட்கள், முறைப்படி மூன்று தரம் கேட்டார்கள்.

நான் இவரிடம் மாட்டியது எப்படியென்றால், என் கணவர் காலமாகி இரண்டாவது மாரிக்குளிர் அது. மகன் துரொண்ட்ஹெய்மில் படிக்கிறான். நான் நீளமாக ஒரு செய்தி அனுப்பினால் அவன் ஒரு பெருவிரலை அனுப்புவான். முதியோர் இல்லச் சமையலறையில் ஐந்து நாள் வேலை. சனிக்கிழமை வந்தால் வீட்டில் சுவர் மணிக்கூட்டுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. ஒரு சனிக்கிழமை முழுக்க நான் வாயே திறக்கவில்லை என்பதை ஞாயிறு காலை இருமும்போதுதான் கண்டுபிடித்தேன்.

அந்த நாட்களில் எங்கள் உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. கீழ்த்தளத்தில் சனிதோறும் நடக்கும் பள்ளிக்குத் தொண்டர்கள் தேவை. எரித்திரியப் பெற்றோர் தொடங்கிய பள்ளி. பிறகு சோமாலிப் பிள்ளைகளும் காம்பியாப் பிள்ளைகளும் சேர்ந்ததால் கட்டடத்தில் எல்லோருக்கும் அது 'ஆபிரிக்கப் பள்ளி' ஆகிவிட்டது. தமிழ்ப் பள்ளிக்குப் போகக்கூடாதோ என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கே போனால் கதவு திறக்க முன்னமே, "மகனுக்குச் சம்பந்தம் ஒண்டும் பாக்கேல்லையோ?" என்று தொடங்குவார்கள். ஆபிரிக்கப் பள்ளியில் என் மகனை ஒருவருக்கும் தெரியாது.

வகுப்பு உதவியாளர் என்றால் ஏதோ படிப்பிக்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பத்து மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள். இருபத்தியிரண்டு ஜக்கெட், நாற்பத்திநாலு சப்பாத்து, நாற்பத்திமூன்று கையுறை. அந்த ஒற்றைக் கையுறையைத் தேடுவது என் வேலை. பென்சில் சீவுவது, மூக்குத் துடைப்பது, மலசலகூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது, கழித்தல் கணக்கில் கடன் வாங்கத் தெரியாமல் அழுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் சும்மா இருப்பது. ஒரு மணிக்கு அத்தனை சப்பாத்தையும் மறுபடி மாட்டிவிடுவது. வீட்டுக்குப் போகும்போது முதுகு முறிந்துபோகும். ஆனால் காதுக்குள் மாலை வரைக்கும் சத்தம் இருக்கும். அதற்காகத்தான் போனேன்.

பள்ளியை நடத்துபவர் லெத்தெ. எரித்திரியாக்காரி, பகலில் பஸ் ஓட்டுகிறவர், குரலும் பஸ் அளவு. அவர் பேசும் நோர்வேஜியத்தை இங்கே எங்கள் தமிழில் சொல்கிறேன். அவர்தான் வேண்டாம் அண்ணை அங்கே வந்த கதையைச் சொன்னார். அண்ணை மனைவி இறந்த பிறகு ஹம்மர்பெஸ்டை விட்டு ஒஸ்லோவுக்கு வந்தவர். ஒரு சனிக்கிழமை சத்தம் தாங்கவில்லை என்று முறையிடக் கீழே இறங்கியிருக்கிறார். எட்டாம் மாடிக்குக் கீழ்த்தளத்துச் சத்தம் எப்படிக் கேட்டது என்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை. அப்போது லெத்தெ கோப்பிக் கொட்டையை வறுத்துக்கொண்டிருந்தார்.

"கோப்பி குடியுங்கோ."

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்? வாசத்தைப் பாருங்கோ. குடியுங்கோ."

"இப்பதான் குடிச்சனான்."

"அது வீட்டிலை குடிச்சது. இது இஞ்சை. இருங்கோ!"

அண்ணை இருந்துவிட்டார். எரித்திரியாக்காரர் மண் கூசாவில் கோப்பி வைத்து மூன்று சுற்று ஊற்றுவார்கள். மூன்றாவது சுற்றுக்கு முன்னால் எழும்பினால் வீட்டுக்காரியை அவமதித்ததாக அர்த்தம். முப்பது வருடமாக இரண்டாம் தரம் கேட்க ஆளில்லாமல் இருந்த மனிதருக்கு, மூன்று தரம் கேட்டு மூன்று தரம் ஊற்றுகிற சனம் கிடைத்துவிட்டது. முறையிட வந்தவர் அடுத்த சனிக்கிழமை தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் சேர்ந்தபோது அவர் அங்கே இரண்டு வருடம் பழையவர்.

அவருடைய வகுப்பைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். மீன் தொழிற்சாலையில் அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசை இருக்கும். வெட்டிய மீன் துண்டை அதில் வைத்தால் உள்ளே நிற்கும் முள் நிழலாகத் தெரியும். குறட்டால் இழுக்க வேண்டியதுதான். அண்ணை பழைய படச்சட்டத்துக் கண்ணாடியையும் ஒரு மின்விளக்கையும் வைத்து அதே மாதிரி ஒரு பெட்டி செய்து வைத்திருந்தார். பிள்ளை கணக்குச் செய்து கொண்டுவந்தால் கொப்பியில் அந்தத் தாளைப் பெட்டிமேல் விரித்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் குனிவார். அழிறப்பரால் அழித்த முதல் விடை, அதற்கு முன் அழித்தது, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியது எல்லாம் வெளிச்சத்தில் எழும்பி வரும்.

"இதிலை முள்ளு நிக்குது."

பிள்ளைகளுக்கு உயிர் போகிற சந்தோஷம். வரிசையில் நின்று முள் பார்க்கக் கொடுப்பார்கள். பிழையில்லாத கொப்பி கொண்டுவந்த பிள்ளை ஏமாந்து போகும். அண்ணை தரமும் பிரிப்பார். முதல் தரம், இரண்டாம் தரம், "இது கட்லட்டுக்குப் போற கணக்கு". ஹோதன் என்று ஒரு சோமாலிப் பெட்டை, ஏழு வயது, முன் பல் இரண்டும் இல்லை. அவளுடைய கணக்கு ஒவ்வொரு கிழமையும் கட்லட்டுக்குத்தான் போகும். அவள் அதைப் பெரிய பட்டமாகத் தாயிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் சாப்பாடு வந்தால் வேறு கூத்து. பெற்றோர் ஒரு பெரிய தட்டில் புளித்த மாவில் சுட்ட இஞ்சேராவும் கறியும் கொண்டுவருவார்கள். அண்ணை வேண்டாம் என்பார். தாய்மார் ஐந்து பேர் சுற்றி நின்று கேட்பார்கள். அவர் மெல்ல மெல்லத் தோற்று, கடைசியில் மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிடுவார்.

அவருடைய நோர்வேஜிய மொழி முழுக்க முள் எடுக்கிற மேசையில் கற்றது. வடக்கே மீன்பிடிக்கிற சனம் அன்பாகப் பேசும்போதும் தூஷணத்தில்தான் பேசும். அது தூஷணம் என்று அண்ணைக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருநாள் தொண்டர்களுக்குப் பொறுப்பான மரித் என்ற இளம் நோர்வேஜியப் பெண் வகுப்பைப் பார்க்க வந்திருந்தாள். அன்றைக்கென்று ஹோதனின் கணக்கு முதல் தரமாக வந்தது. அண்ணை மகிழ்ச்சி தாங்காமல் அவள் தலையில் கைவைத்து ஒரு வார்த்தை சொல்லிப் பாராட்டினார். அந்த வார்த்தையை இந்தப் பத்திரிகை அச்சடிக்காது. மரித் காது வரை சிவந்துபோய்க் கோப்பியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டாள்.

"என்ன தங்கச்சி, உந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை அண்ணை, கோப்பி சுட்டுட்டுது."

அந்த மரித் பொல்லாதவள் இல்லை. நல்ல பிள்ளை. டிசம்பரில் ஒவ்வொரு தொண்டருக்கும் அவளே தொலைபேசி எடுத்து, "அடுத்த வருடமும் வர விருப்பமா?" என்று கேட்டாள். நான் ஓம் என்றேன். அண்ணையையும் கேட்டிருக்கிறாள். அண்ணை என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

ஜனவரி முதல் சனிக்கிழமை அவருடைய கதிரையில் ஒரு பல்கலைக்கழகப் பெட்டை இருந்தாள். மடிக்கணினி வைத்திருந்தாள். அன்பானவள், ஒரு முள்ளும் எடுக்கத் தெரியாதவள். பட்டியலில் அண்ணையின் பெயர் இல்லை. "அவர் நன்றி சொல்லி விலகிக்கொண்டார்" என்றாள் மரித்.

மனிதருக்குக் களைத்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். இருந்தாலும் மனம் கேட்காமல் மாலையில் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, நீங்கள் இல்லாமல் வகுப்பு வகுப்பா இல்லை. வாருங்கோவன்."

"வேண்டாம் தங்கச்சி. நான் இல்லாட்டியும் நடக்கும்தானே."

"சரி அண்ணை. உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ."

வைத்துவிட்டேன். ஓம், வைத்துவிட்டேன்! தேத்தண்ணிக்கு மூன்று தரம் மறுத்து வளர்ந்தவள் நான். அந்த மனிதரைப் பற்றிப் பகிடி சொல்லிச் சிரித்துத் திரிந்தவள் நான். இருபத்தியாறு வருடம் இந்த நாட்டில் இருந்ததில் எனக்கும் ஒரு தரம் கேட்கத்தான் தெரிந்திருக்கிறது. அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.

ஜனவரியும் போனது. வெளியே நாலு மணிக்கே இருட்டு. வகுப்பில் பிள்ளைகள் மாறி மாறிக் கேட்டார்கள். ஹோதன் கொப்பியை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துத் தானே முள் தேடினாள். நான் ஒற்றைக் கையுறைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். தமிழில் ஒரு வார்த்தை கதைக்க அங்கே எனக்கு ஆளில்லை. சனிக்கிழமை மறுபடியும் பழைய சனிக்கிழமையாகிக்கொண்டு வந்தது. லிஃப்டில் ஏறும்போது எட்டாம் இலக்கத்தைப் பார்ப்பேன், மூன்றை அமத்துவேன். அவரே விலகினார், நான் போய்த் தொந்தரவு செய்வதா என்று ஒரு நோர்வேஜிய மரியாதை எனக்குள்ளும் வந்திருந்தது.

பெப்ரவரியில் ஒரு சனி லெத்தெ என்னை நிறுத்தினார். இரண்டு மாதம் பஸ் அட்டவணை மாறிச் சனிக்கிழமைகளில் வேலையாக இருந்து அன்றைக்குத்தான் பள்ளிக்குத் திரும்பியிருந்தார்.

"அண்ணை எங்கே?"

"வரமாட்டன் எண்டிட்டார்."

"யார் கேட்டது?"

"மரித் கேட்டவள். நானும் கேட்டனான்."

"எத்தனை தரம்?"

"ஒரு தரம்."

லெத்தெ இடுப்பில் கைவைத்தார். "ஒரு தரமா? அதுக்குப் பேர் கேக்கிறது இல்லை. அது அறிவிக்கிறது. வா என்னோடை."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பிள்ளைகளை மற்ற ஆசிரியைகளிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் லிஃப்டில் ஏறினோம். எட்டாம் மாடி. மணியை அமத்தின விரலை எடுக்க முன்னம் கதவு திறந்தது.

அண்ணை நின்றார். ஜக்கெட் போட்டு, சால்வை சுற்றி, குளிர்ச் சப்பாத்தும் கட்டி, கையில் விளக்குப் பெட்டியோடு நின்றார்.

"எங்கை அண்ணை வெளிக்கிட்டனீங்கள்?"

"ஒரு இடமும் இல்லை."

"பேந்தென்ன சப்பாத்து?"

"கால் குளிருது."

வீட்டுக்குள் ஹீற்றர் நெருப்பாக எரிந்துகொண்டிருந்தது. மனிதரின் நெற்றியில் வியர்வை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, அதில் வெறும் கோப்பை. பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. ஜனவரி தொடக்கம் ஒவ்வொரு சனியும் பத்து மணிக்கு வெளிக்கிட்டு, ஒரு மணி வரை அந்த முக்காலியில் இருந்து, பிறகு சப்பாத்தைக் கழற்றியிருக்கிறார். அந்த நேரமெல்லாம் நான் கீழ்த்தளத்தில் கையுறை தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சீறிச் சமாளித்தேன்.

லெத்தெ தொடங்கினார். "அண்ணை, பள்ளிக்கு வாங்கோ."

"வேண்டாம்."

"பிள்ளைகள் கேக்குதுகள். வாங்கோ."

"புதுப் பிள்ளை ஒண்டு இருக்குதாமே. நான் என்னத்துக்கு?"

லெத்தெ மூன்றாம் தரத்துக்கு வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய தொலைபேசி அடித்தது. பஸ் டிப்போவிலிருந்து யாரோ. லெத்தெ எங்களைப் பார்த்து ஒரு விரலைக் காட்டிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக் கதைக்கத் தொடங்கினார். இரண்டு நிமிடம் இருக்கும். அண்ணை அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். இடையில் ஒருதரம் என்னைப் பார்த்தார். நான் கேட்டுவிடலாமா என்று நினைத்தேன், ஆனால் எண்ணிக்கை பிழைத்துவிடுமோ என்று பயமாக இருந்தது. லெத்தெ தொலைபேசியைப் பைக்குள் போட்டு, "என்ன சொல்லிக்கொண்டிருந்தனான்?" என்றார்.

"பள்ளிக்கு வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்" என்றார் அண்ணை.

"ஓம். வாங்கோ!"

"சரி, நீங்கள் இவ்வளவு சொல்லுறபடியால்..." என்று அவர் சொல்லி முடிக்கும்போது லிஃப்டுக்குள் நின்றார். நாங்கள்தான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. கீழே கதவைத் திறந்ததும் எழும்பிய சத்தம் எட்டாம் மாடிக்கு நிச்சயம் கேட்டிருக்கும்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு வசதி. முடியவில்லை.

மே மாதம் ஒரு சனி, வகுப்பு முடிந்து லெத்தெ இரண்டாம் சுற்றுக் கோப்பியை ஊற்றிவிட்டுப் போனார். நான் வாய் சும்மா இருக்காமல் கேட்டேன். "அண்ணை, உங்கடை மகள் ஸ்தவாங்கரிலைதானே? அங்கை போய் பேரப்பிள்ளையளோடை இருக்கலாமே?"

"கேட்டவள்தான். தாய் செத்த வருசம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வேண்டாம் எண்டனான்."

"பிறகு?"

"பிறகு கேக்கேல்லை. அவள் இஞ்சை பிறந்தவள்தானே."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஹம்மர்பெஸ்டில் காலநிலை எப்படியென்று கேட்டதற்குப் பதில் சொல்வதைப் போலச் சொன்னார். நான் விரலில் கணக்குப் பார்த்தேன். மகள் கேட்டு மூன்றரை வருடமாகியிருந்தது.

நான் நல்லவள் என்று இவ்வளவு நேரமும் நினைத்துக்கொண்டு வந்திருந்தால், தயவுசெய்து இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். மகளுக்கு ஒரு தொலைபேசி எடுத்தால் போதும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். எடுத்தால் அவர் போய்விடுவார் என்பதும் தெரியும். ஒரு மாதம் எடுக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். மகள் பிசியாக இருப்பாள் என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். சனிக்கிழமைகளில் அவருக்குப் பக்கத்தில் இருந்து பென்சில் சீவினேன், பகிடிக்குச் சிரித்தேன், வீட்டுக்கு வந்து தூங்க முடியாமல் கிடந்தேன்.

ஜூனில் ஒரு நாள் அவர் பேரனின் படத்தைத் தொலைபேசியில் காட்டினார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடியைப் போட்டுக் குனிந்து, ஒரு மூலை விடாமல் பார்த்தார். அன்று மாலை அவரிடமே ஏதோ பொய்க் காரணம் சொல்லி இலக்கத்தை வாங்கி மகள் சுபாவுக்கு எடுத்தேன்.

"ஆன்ரி, நான் கேட்டனான். அப்பா நை எண்டவர். அது அவற்றை வால்க், நான் அதை மதிக்கத்தானே வேணும்" என்றாள். நை என்றால் வேண்டாம், வால்க் என்றால் தெரிவு. நோர்வேயில் அதற்குமேல் பெரிய சொல் கிடையாது.

"பிள்ளை, அவர் தெரிவு செய்யேல்லை. நீர் ரெண்டாம் தரம் கேப்பீர் எண்டு இன்னும் பாத்துக்கொண்டிருக்கிறார்."

கையுறையிலிருந்து பல் வைத்தியர் வரை எல்லாம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.  

"அப்பாவுக்கு என்னோடை இருக்க விருப்பமில்லை எண்டெல்லோ நான் இவ்வளவு வருசமும் நினைச்சனான்" என்றாள். பிறகு விம்மி விம்மி அழுதாள். நானும் அழுதேன். அவள் அப்பாவுக்காக அழுதாள். நான் எனக்காகவும் கொஞ்சம் சேர்த்து அழுதேன்.

அடுத்த சனி அண்ணை வகுப்புக்கு வரும்போதே முகம் வேறு மாதிரி இருந்தது. கதிரையில் இருக்காமல் நின்றார்.

"தங்கச்சி, மகள் கேட்டவள்."

"எத்தினை தரம் அண்ணை?"

"அஞ்சு தரம்! நான் மூண்டாம் தரமே ஓம் எண்டிட்டன். அவள் விடாமல் நாலாம் தரம், அஞ்சாம் தரம் எண்டு கேட்டுக்கொண்டே போறாள். நான் ஓம், ஓம் எண்டு கத்துறன், அவள் கேக்கிறாள்!" சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அன்று எல்லாப் பிள்ளைகளின் கணக்கும் முதல் தரம். கூட்டலைப் பெருக்கலாகச் செய்திருந்த ஹோதனுடையதும் முதல் தரம்.

ஓகஸ்டில் போனார். விளக்குப் பெட்டியை வகுப்புக்கு விட்டுவிட்டார். பிள்ளைகளுக்கு இப்போது நான்தான் முள் பார்க்கிறேன். தரம் பிரிக்க எனக்கு வராது, எல்லாவற்றையும் முதல் தரம் என்று சொல்லிவிடுகிறேன், அதனால் எனக்கு வகுப்பில் மதிப்பில்லை.

ரயில் நிலையத்துக்கு நானும் லெத்தெயும் போயிருந்தோம். அண்ணை பெட்டிகளை ஏற்றிவிட்டு வாசலில் நின்று, "தங்கச்சி, நீரும் ஒருக்கா ஸ்தவாங்கருக்கு வாருமன். நாலு நாள் நிண்டிட்டுப் போகலாம்" என்றார்.

"வேண்டாம் அண்ணை, எனக்கு வேலை."

வாயில் அப்படித்தான் வந்தது. அவர் இரண்டாம் தரம் கேட்க முன்னால் ரயில் கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் ஏதோ சொன்னார். கேட்கவில்லை.

இப்போது சனி மத்தியானம் இரண்டு மணிக்கு அவருடைய தொலைபேசி வரும். சுகம் விசாரிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. எடுத்தவுடன், "இண்டைக்கு ஆர் வரேல்லை?" என்பார். நான் வரவு இடாப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமையும் மறக்காமல் எடுத்துக் கேட்பார். இந்த மாதம் முழுக்க எங்கள் பள்ளிக்கு ஒரு பிள்ளையும் வராமல் விடவில்லை. இருபத்தியிரண்டு பேரும் கல்லுக்குண்டு மாதிரி வந்து நிற்கிறார்கள். நான் அதை அவருக்குச் சொல்வதில்லை. ஒவ்வொரு சனியும் யாராவது ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, ஞாயிறு விடிந்ததும் தொலைபேசிக்குப் பக்கத்தில் போய் இருந்துகொள்கிறேன்.